சிவப்புப் பொட்டு இல்லாத திங்க்பேட்: வடிவமைப்பு மாற்றங்களில் எதை ஏற்கலாம், எதை ஏற்க முடியாது?

#1 கருப்புப்பெட்டி

வணக்கம். 2025 ஜனவரியில் லாஸ் வேகஸ் சிஇஎஸ் கண்காட்சியில் லெனோவோ அறிவித்த எக்ஸ்9 வரிசையைப் போன வாரம்தான் கையில் எடுத்துப் பார்த்தேன். நண்பர் ஒருவர் வாங்கியிருக்கிறார். மூடியில் திங்க்பேட் என்றுதான் எழுதியிருக்கிறது. திறந்தால் ஜி, எச், பி விசைகளுக்கு நடுவே இருக்க வேண்டிய, விரலால் சாய்த்துச் சுட்டியை நகர்த்தும் சிவப்புப் பொட்டு இல்லை. ஸ்பேஸ் பாருக்குக் கீழே மூன்று பட்டன்களும் இல்லை. பெரிய டச்பேட் மட்டும் இருக்கிறது. திரை மிக அழகு, எடை குறைவு, எல்லாம் சரி. ஆனாலும் மனசுக்கு ஒப்பவில்லை.

நான் கணக்குத் தணிக்கை அலுவலகம் நடத்துகிறேன். காலையிலிருந்து இரவு வரை டேலி கணக்கு மென்பொருளும் எக்செலும்தான். 2006-இல் திங்க்பேட் டி60, அப்புறம் டி420, இப்போது டி480. இந்த மூன்றிலும் என் கை படிந்துவிட்டது. டேலியில் எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 விற்பனை என்று விரல் தானாகப் போகும். முந்தைய வவுச்சருக்குப் பேஜ் அப், அடுத்ததற்குப் பேஜ் டவுன். கீபோர்டைக் குனிந்து பார்த்தே பல வருடம் ஆகிறது.

டி480-க்கு வயதாகிவிட்டது, புதிதாக ஒன்று வாங்க வேண்டும். ஒவ்வொரு மாடலாகப் பார்க்கும்போது ஏதோ ஒன்று இடம் மாறியிருக்கிறது, இல்லையென்றால் காணாமல் போயிருக்கிறது. ஏழு வரிசை கீபோர்டு போனது, கழற்றும் பேட்டரி போனது, 2024 முதல் கன்ட்ரோல் விசையும் எஃப்என் விசையும் இடம் மாறிக்கொண்டன. இப்போது பொட்டும் போகத் தொடங்கிவிட்டது. நீங்கள் எந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டீர்கள், எதை இன்னும் ஏற்கவில்லை? காரணத்தோடு சொல்லுங்கள்.

#2 ஏழுவரிசை

என் பெயரைப் பார்த்தாலே என் கட்சி தெரிந்துவிடும்.

2011-இல் வந்த எக்ஸ்220, டி420 வரை ஏழு வரிசை. 2012-இல் எக்ஸ்230, டி430 வந்தபோது ஆறு வரிசையாகி, விசைகளும் தனித்தனித் தீவுகளாக மாறின. ஹோம், எண்ட், பேஜ் அப், பேஜ் டவுன் எல்லாம் மேசைக் கணினியில் இருப்பதுபோல வலது மேல் மூலையில் ஒரே கொத்தாக இருந்தவை. அந்தக் கொத்தைப் பிரித்துப் பேஜ் அப், பேஜ் டவுன் இரண்டையும் அம்பு விசைகளுக்கு இருபுறமும் தூக்கி வைத்தார்கள். விரல் ஒரு நூல் மேலே போனால் பக்கமே நகர்ந்துவிடும். டேலி வேலைக்கு இது எப்படி என்று கருப்புப்பெட்டி சாரே சொல்லட்டும்.

அகலத் திரை வந்ததால் உடம்பின் ஆழம் குறைந்தது, ஏழாவது வரிசைக்கு இடமில்லை என்று பலர் சமாதானம் சொல்வார்கள். எக்ஸ்220-உம் எக்ஸ்230-உம் ஏறக்குறைய ஒரே கூடு. எக்ஸ்220 கீபோர்டை எக்ஸ்230-இல் பொருத்திய ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பிளாஸ்டிக் விளிம்பைக் கொஞ்சம் அராவ வேண்டும், கனெக்டரில் சில பின்களை டேப்பால் மறைக்க வேண்டும், உள்ளே இருக்கும் கன்ட்ரோலரின் ஃபர்ம்வேரை மாற்ற வேண்டும். அவ்வளவுதான். இடம் இருந்தது, வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்.

2017-இல், திங்க்பேடைத் தொடங்கிய ஐபிஎம் காலத்திலிருந்து 25 ஆண்டு நிறைவுக்காகத் திங்க்பேட் 25 என்று ஒன்று வெளியிட்டார்களே, அது டி470-இன் உடம்பு. அதில் ஏழு வரிசை, நீல என்டர் விசை எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

#3 கோவை_ஐடி

எதிர்த் தரப்பிலிருந்து ஒரு குரல். நான் ஒரு நிறுவனத்தில் லேப்டாப் வாங்குவது, கொடுப்பது, திரும்ப வாங்குவது எல்லாம் பார்க்கிறேன். வருடக் கணக்கில் திங்க்பேட்தான்.

மூன்று வருடம் கழித்துத் திரும்பி வரும் மெஷின்களில் நான் முதலில் பார்ப்பது அந்தச் சிவப்பு ரப்பர் தொப்பியைத்தான். முக்கால்வாசி மெஷின்களில் புதிதாகவே இருக்கும். விசைகள் எழுத்தழிந்து பளபளக்கும், டச்பேட் தேய்ந்திருக்கும், பொட்டில் தூசிகூட அப்படியே இருக்கும். இன்று கல்லூரி முடித்து வரும் பிள்ளைகள் போனில் வளர்ந்தவர்கள். இரண்டு விரலால் நகர்த்துவதுதான் அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்காக ஒரு வரிசை இருப்பதில் என்ன தவறு? டி வரிசையிலும் எக்ஸ்1 கார்பனிலும் பொட்டு இன்னும் இருக்கிறது. வேண்டியவர்கள் அதை வாங்கலாம்.

கன்ட்ரோல் விசை மாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வேறு கம்பெனி லேப்டாப்பிலிருந்து வருபவர்கள் முதல் வாரம் என்னிடம் வந்து கேட்கும் ஒரே கேள்வி, “காப்பி, பேஸ்ட் வேலை செய்யவில்லை, கீபோர்டு பழுதா?” என்பதுதான். மூலையில் இருந்த எஃப்என்னைக் கன்ட்ரோல் என்று நினைத்து அழுத்தியிருப்பார்கள். 2024-இல் அதை மாற்றியபோது நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

#4 கருப்புப்பெட்டி

கோவை_ஐடி நண்பரே, நீங்கள் சொல்லும் தொப்பி விஷயத்தை மறுக்கவில்லை. என் தொப்பியை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன், வழவழவென்று ஆகிவிடும். பயன்படுத்துகிறவர்கள் குறைவு, ஆனால் பயன்படுத்துகிறவர்கள் முழுநேரமும் பயன்படுத்துகிறார்கள். இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும்.

#5 எழுத்தாணி

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். மொழிபெயர்ப்பு என் தொழில், ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் தட்டச்சு.

பொட்டு ஏன் வந்தது என்பதைப் பேசாமல் அது போவதைப் பற்றிப் பேச முடியாது. ஐபிஎம் ஆய்வாளர் டெட் செல்கர் யோசித்தது எளிமையான ஒரு விஷயம்: தட்டச்சு செய்யும் கை மவுஸுக்குப் போய்த் திரும்பி வருவதில் நேரம் போகிறது, கை எழும்பாமலே சுட்டியை நகர்த்த முடியுமா? அதற்குப் பதில்தான் ட்ராக்பாயிண்ட். 1992 அக்டோபரில் வந்த திங்க்பேட் 700சி-யிலேயே அது இருந்தது. அந்தப் பெட்டியை வடிவமைத்தவர் மிலானில் இருந்த ஜெர்மன் வடிவமைப்பாளர் ரிச்சர்ட் சாப்பர். உருவாக்கியது ஜப்பானில் யமாட்டோ ஆய்வகம். ஜப்பானியர்களின் கருப்பு அரக்குப் பூச்சு பென்டோ சாப்பாட்டுப் பெட்டி போல, வெளியே எந்த அலங்காரமும் இல்லாமல், திறந்தால் உள்ளே எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்பது எண்ணம். ஐபிஎம்மில் சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தானுக்கு மட்டுமே என்று ஒரு விதி இருந்ததால், இந்தப் பொட்டின் நிறத்தை ‘மெஜந்தா’ என்று சொல்லித்தான் உள்ளே கொண்டுவந்தார்கள். அவ்வளவு போராடி வைத்த நிறம் அது.

நான் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்கிறேன். அதில் ஜி என்பது எ, எச் என்பது க, பி என்பது ங. எ, க, ங மூன்றுக்கும் நடுவே என் பொட்டு. ஒரு வாக்கியத்தை அடித்துக்கொண்டிருக்கும்போது மேலே போய் விடுபட்ட ஒற்றெழுத்து ஒன்றை நுழைக்க வேண்டும் என்றால், ஆள்காட்டி விரல் கால் அங்குலம் நகர்கிறது, கட்டைவிரல் கீழே இடது பட்டனை அழுத்துகிறது, முடிந்தது. நடுப் பட்டனைப் பிடித்துக்கொண்டு பொட்டைத் தள்ளினால் பக்கம் ஓடும். மணிக்கட்டு மேசையை விட்டு எழும்புவதே இல்லை. எனக்குச் சில வருடங்களுக்கு முன் மணிக்கட்டு வலி வந்து எழுதவே முடியாமல் போனது. மவுஸை விட்டுவிட்டுப் பொட்டுக்கு மாறிய பிறகு தொடர்ந்து வேலை செய்ய முடிகிறது. மருத்துவ ஆலோசனையாக இதைச் சொல்லவில்லை, என் கைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அதனால் என் கேள்வி இது. பொட்டு எந்தக் காரணத்துக்காக வந்ததோ அந்தக் காரணம் போய்விட்டதா? போகவில்லை. மனிதர்கள் இன்னும் தட்டச்சு செய்கிறார்கள், கை இன்னும் எழும்பித்தான் டச்பேடுக்குப் போகிறது.

#6 கணினிவைத்தியர்

நான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பதினைந்து வருடமாக லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். வெளியிலிருந்து தெரியும் மாற்றம் பற்றி நிறையப் பேசுகிறீர்கள். உள்ளே நடந்த மாற்றத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

டி430 வரைக்கும் கீபோர்டு மாற்ற வேண்டும் என்றால், மெஷினைத் திருப்பிப் போட்டால் எந்தெந்த ஸ்க்ரூ என்று கீழேயே சின்னக் கீபோர்டு படம் போட்டிருக்கும். அவற்றைக் கழற்றிவிட்டு முன்பக்கம் கீபோர்டைத் தள்ளி எடுத்தால் கையோடு வந்துவிடும். டீ குடிக்கிற நேரத்தில் வேலை முடியும். ஹார்டு டிஸ்க்குக்குத் தனி மூடி, ரேமுக்குத் தனி மூடி. எந்தப் பாகத்துக்கு என்ன எண், எந்த ஸ்க்ரூ எந்த நீளம் என்று முழுக் கையேடும் இணையத்தில் இலவசம். இந்தக் கையேடு கொடுக்கும் பழக்கம் ஐபிஎம் காலத்தில் வந்தது, இன்று வரை விடவில்லை. அதற்கு நான் நன்றி சொல்வேன், அதைப் படித்துத்தான் தொழில் கற்றேன்.

அப்புறம் மெலிதாக வேண்டும், மெலிதாக வேண்டும் என்று எல்லாக் கம்பெனியும் ஓடின. 2018-இன் டி480-இல் ரேம் ஸ்லாட் இரண்டு. உள்ளே 24 வாட் அவர் பேட்டரி ஒன்று, வெளியே கழற்றி மாட்டும் பேட்டரி இன்னொன்று. வெளிப் பேட்டரி 72 வாட் அவர் வரை போடலாம். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளிப் பேட்டரியை மாற்றலாம், உள் பேட்டரி தாங்கிக்கொள்ளும். மறுவருடம் டி490 வந்தது. வெளிப் பேட்டரி இல்லை. ரேமில் பாதி மதர்போர்டோடு பற்றவைத்தது, ஸ்லாட் ஒன்றுதான். என் கடைக்குச் செகண்ட் ஹேண்ட் வாங்க வருபவர்கள் இன்றைக்கும் டி480 இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். அது ஏன் என்று இப்போது புரியும்.

பற்றவைத்த ரேம், எந்தக் கம்பெனியாக இருந்தாலும், பழுதானால் போர்டையே மாற்ற வேண்டும். அந்த விலையைச் சொல்லும்போது வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருக்கும். பையனின் படிப்புக்கு என்று கடன் வாங்கி வாங்கிய மெஷினாக இருக்கும்.

#7 மூன்றாமாண்டு

கணினிவைத்தியர் அண்ணா, நான் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். செகண்ட் ஹேண்டில் டி480 வாங்கலாமா? ஆன்லைனில் ஒரு கடையில் பேட்டரி மட்டும் மிகக் குறைந்த விலைக்குப் போட்டிருக்கிறார்கள், அதை வாங்கலாமா? இன்னொன்று, இந்தப் பொட்டு கற்றுக்கொள்ளக் கஷ்டமா?

#8 கணினிவைத்தியர்

வாங்கலாம் தம்பி. எட்டாம் தலைமுறை இன்டெல் இருந்தால் விண்டோஸ் 11-உம் ஓடும், லினக்ஸும் நன்றாக ஓடும். வாங்கும்போது மூன்று விஷயம் பார். ஹின்ஜ் ஆடுகிறதா, யூஎஸ்பி-சி சார்ஜிங் பின் லூசாக இருக்கிறதா, பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை செட்டிங்கில், பாஸ்வேர்டு போட்டு வைத்திருக்கிறார்களா. ஆபீஸிலிருந்து வரும் மெஷின்களில் அந்தப் பாஸ்வேர்டு இருந்துவிட்டால் பெரிய தலைவலி.

மிகக் குறைந்த விலைப் பேட்டரி வேண்டாம். பெயர் ஒட்டியிருக்கும், உள்ளே செல் எதுவென்று தெரியாது. ஆறு மாதத்தில் உப்பி வந்த எத்தனையோ பேட்டரியை இந்தக் கையால் கழற்றியிருக்கிறேன்.

பொட்டு விஷயத்தில் ஒரு வாரம் பொறுமை வேண்டும். அழுத்தித் தள்ளாதே, சாய்த்தால் போதும். வேகத்தை செட்டிங்கில் கூட்டி வைத்துக்கொள்.

#9 ஏழுவரிசை

ரேம் பற்றிச் சொன்னதற்கு ஒரு சேர்க்கை. அந்த விஷயத்தில் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறார்கள். 2024-இன் டி14 ஐந்தாம் தலைமுறையை, பழுதுபார்க்கும் வழிகாட்டிகள் வெளியிடும் ஐஃபிக்ஸிட் குழுவோடு சேர்ந்து வடிவமைத்தார்கள். ரேம் ஸ்லாட் இரண்டு மறுபடி வந்தது, ஐஃபிக்ஸிட் 10-க்கு 9 மதிப்பெண் கொடுத்தது. பேட்டரி உள்ளேதான், ஆனால் சுலபமாக மாற்றலாம். எக்ஸ்9-இல் ரேம் மாற்றும் பேச்சுக்கே இடமில்லை, அதில் வரும் இன்டெல் சில்லில் நினைவகம் ப்ராசசர் பொதிக்குள்ளேயே அடங்கியது.

#10 கருப்புப்பெட்டி

டி14 பற்றிய தகவலுக்கு நன்றி. என் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

எழுத்தாணி கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. வைத்த காரணம் போய்விட்டதா என்று கேட்டால் பல சண்டை தீரும். அதே அளவுகோலை எஃப்என் விசைக்கும் வைக்கிறேன். முப்பது வருடம் மூலையில் இருந்தது. வேறு கம்பெனிகளைப் பார்த்து ஏன் மாற்ற வேண்டும்? கோவை நண்பர் சொல்லும் புதியவர்கள் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள். இருபது வருடம் பழகிய எங்கள் கை என்ன செய்யும்? பயாஸில் மாற்றிக்கொள்ளலாம் என்பது தெரியும். அது முன்பும்தான் இருந்தது, புதியவர்கள் அதில் மாற்றிக்கொண்டிருக்கலாமே.

#11 ஏழுவரிசை

இங்கே உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை சார். நான் ஏழு வரிசைக்காரன், இருந்தாலும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

எஃப்என் மூலையில் இருந்ததற்கு நல்ல காரணம் ஒன்று இருந்தது. பழைய திங்க்பேடில் திரைக்கு மேலே ஒரு சின்ன விளக்கு இருக்கும், திங்க்லைட். இருட்டில் கீபோர்டின் மேல் வெளிச்சம் விழும். அதை ஏற்ற எஃப்என்னும் பேஜ் அப்பும் சேர்த்து அழுத்த வேண்டும். ஒன்று கீபோர்டின் கீழ் இடது மூலை, மற்றது மேல் வலது மூலை. எதிரெதிர் மூலைகள். கும்மிருட்டில் கூட இரண்டு கையாலும் ஓரத்தைத் தடவினால் கிடைத்துவிடும். விளக்கை ஏற்றுவதற்கு வெளிச்சம் தேவைப்படக் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள். எனக்கு இது தெரிந்த நாளில் அந்தப் பொறியாளர்கள் மேல் பெரிய மரியாதை வந்தது.

2012-இல் பேஜ் அப் மூலையை விட்டுப் போனது. 2013-இன் டி440, எக்ஸ்240-ஓடு திங்க்லைட்டும் போய், விசைக்கு அடியில் எரியும் விளக்கு மட்டும் நின்றது. காரணம் அன்றைக்கே போய்விட்டது. எஃப்என் மட்டும் பத்து வருடம் சும்மா மூலையில் நின்றது.

#12 தொடுவிரல்

எல்லோருக்கும் வணக்கம். நான் வங்கியில் வேலை செய்கிறேன். பிறவியிலேயே பார்வை இல்லை. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் வழியாக இந்த இழையை முதலிலிருந்து கேட்டுவிட்டு எழுதுகிறேன். 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இலவச மென்பொருள் அது, தமிழும் வாசிக்கும்.

ஏழுவரிசை சொன்ன இருட்டு விளக்குக் கதையைக் கேட்டபோது நெகிழ்ந்துவிட்டேன். இருட்டில் மூலையைத் தடவித் தேடுவது உங்களுக்கு எப்போதாவது. எனக்கு ஒவ்வொரு முறையும் அதுதான். புதுக் கீபோர்டு எதைத் தொட்டாலும் முதலில் மூலைகளைத்தான் தேடுவேன். மூலையில் இருக்கும் விசைதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விசை. அதிலிருந்து எண்ணி மற்றவற்றைக் கண்டுபிடிப்பேன்.

திரைவாசிப்பான் பேசிக்கொண்டே இருக்கும்போது அதன் வாயை மூட நான் அழுத்துவது எது தெரியுமா? கன்ட்ரோல் விசை. மேலாளர் வந்து நின்று ஏதாவது கேட்கும்போது, வாடிக்கையாளர் எதிரே பேசும்போது, போன் அடிக்கும்போது, உடனே அதை நிறுத்த வேண்டும். ஒரு நாளில் எத்தனை முறை அழுத்துகிறேன் என்று எண்ண முடியாது. அந்த விசை மூலையில் இருப்பதும் மூலைக்கு அடுத்து இருப்பதும் உங்களுக்கு ஒரு விரல் அகலம்தான். அலுவலகத்தில் நாலு விதமான மெஷின் தொட வேண்டிய எனக்கு அது அப்படியில்லை. எல்லாவற்றிலும் மூலையில் கன்ட்ரோல் என்றால் யோசிக்கவே வேண்டாம். எனவே 2024 மாற்றம் எனக்குச் சரியானது. அதே வருடம் எக்ஸ்1 கார்பன் பன்னிரண்டாம் தலைமுறையில் சில விசைகளின் மேல் தொட்டு உணரும் சின்னப் புடைப்புகளும் வைத்தார்கள். எஃப், ஜே விசைகளில் உள்ள கோடு எல்லாக் கீபோர்டிலும் உண்டு. அதைத் தாண்டி யோசித்ததற்கு என் வணக்கம்.

இப்போது தவறான மாற்றம் ஒன்றைச் சொல்கிறேன். 2014-இன் எக்ஸ்1 கார்பன். யாரும் இதுவரை அதைக் குறிப்பிடவில்லை. எஃப்1 முதல் எஃப்12 வரை விசைகளையே எடுத்துவிட்டு வழவழப்பான ஒரு தொடுபட்டை வைத்தார்கள். எந்த மென்பொருள் திறந்திருக்கிறதோ அதற்கேற்ப அதில் படங்கள் மாறும். கேப்ஸ் லாக் இருந்த இடத்தில் ஹோம், எண்ட் வந்தன. கேப்ஸ் லாக் வேண்டுமென்றால் ஷிஃப்டை இருமுறை தட்ட வேண்டும். பேக்ஸ்பேஸும் டெலீட்டும் ஒட்டி நின்றன.

என்விடிஏவுக்குக் கட்டளை கொடுக்கும் தாய் விசை இன்சர்ட், அல்லது கேப்ஸ் லாக். அதோடு எஃப்7 சேர்த்தால் பக்கத்தில் உள்ள இணைப்புகளின் பட்டியல் வரும், எஃப்12 சேர்த்தால் மணி சொல்லும். கேப்ஸ் லாக்கும் இல்லாமல், எஃப் விசைகளும் கண்ணாடிபோல் வழுக்கும் பட்டையாக இருந்தால் நான் எதைத் தொடுவது? அந்த மாடலை நான் வாங்கவில்லை, ஒருவர் கையிலிருந்து வாங்கித் தடவிப் பார்த்ததோடு சரி. பழைய திங்க்பேடில் எஃப் விசைகள் நான்கு நான்காகப் பிரித்து, நடுவே இடைவெளி விட்டு இருக்கும். எஃப்5 எங்கே என்று எண்ண வேண்டாம், இரண்டாவது கொத்தின் முதல் விசை. அந்த இடைவெளியை வைத்தவர்கள் விரலை நினைத்து வைத்தார்கள். பட்டையை வைத்தவர்கள் கண்ணை மட்டும் நினைத்தார்கள்.

பொட்டைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, எனக்கு மவுஸே வேண்டாம். ஆனால் ஜி, எச் நடுவே விரல் அதில் பட்டதும் கை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#13 கோவை_ஐடி

தொடுவிரல் மேடம், உங்கள் பதிவை எங்கள் வாங்கும் குழுவில் காட்டலாமா? நாங்கள் மாடல் தேர்ந்தெடுக்கும்போது விலை, எடை, வாரண்டி என்று மூன்று கட்டம் வைத்திருக்கிறோம். விரலுக்கு ஒரு கட்டம் இல்லை. அலுவலகத்தில் பார்வை குறைந்த இரண்டு பேர் வேலை செய்கிறார்கள், அவர்களிடம் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. வெட்கமாக இருக்கிறது.

2014 கார்பன் விஷயத்தில் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். அதை மறுவருடமே திருத்திவிட்டார்கள். 2015-இல் எஃப் விசைகளும் கேப்ஸ் லாக்கும் திரும்பி வந்தன. 2013-இல் டி440-இல் பொட்டுக்கான மூன்று பட்டன்களை எடுத்துவிட்டு டச்பேடின் மேல் ஓரத்தையே அழுத்தச் சொன்னார்களே, அந்தப் பட்டன்களும் 2015-இல் டி450, எக்ஸ்250-ஓடு திரும்பின. ஆகவே சொன்னால் கேட்கிறார்கள் என்பதும் உண்மை.

#14 கணினிவைத்தியர்

அந்த டி440-க்கு டி450 டச்பேடை வாங்கி மாட்டித் தரச் சொல்லி எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா சார்? அதே அளவு, அப்படியே உட்காரும். நானே நிறைய மாற்றியிருக்கிறேன்.

#15 எழுத்தாணி

கேட்கிறார்கள் என்பது பாதி உண்மை. 2015-இல் அப்போதைய வடிவமைப்புத் தலைவர் டேவிட் ஹில் பழைய பாணித் திங்க்பேட் ஒன்று செய்யலாமா என்று வெளிப்படையாகக் கேட்டு, வரிசையாகக் கருத்துக்கணிப்புகள் நடத்தினார். எந்தக் கீபோர்டு, எந்தத் திரை, எந்த நிற என்டர் விசை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் விடிய விடிய உட்கார்ந்து பதில் எழுதினேன். அதன் பலன்தான் திங்க்பேட் 25. ஆனால் அது குறைந்த எண்ணிக்கையில் வந்த நினைவுப் பொருள். விற்று முடிந்ததும் கதை முடிந்தது. டி480-இல் ஏழு வரிசையை விருப்பத் தேர்வாகக்கூடக் கொடுக்கவில்லை.

டேவிட் ஹில் காலத்தில் நல்ல மாற்றமும் நடந்தது என்று சொல்ல வேண்டும். 2009-இன் டி400எஸ்-இல் எஸ்கேப், டெலீட் இரண்டையும் பெரிதாக்கினார்கள். மக்கள் எந்த விசையை எவ்வளவு அழுத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டுச் செய்தது. பழமைவாதிகள் அதற்கும் சத்தம் போட்டார்கள். நானும் போட்டேன். ஒரு மாதத்தில் பழைய சின்ன எஸ்கேப் விசைக்குத் திரும்ப எனக்கே மனம் வரவில்லை. அந்த மாற்றத்துக்குக் காரணம் எங்கள் கையிலேயே இருந்தது.

பதினாறுக்கு ஒன்பது திரை வந்தபோது உயரம் போயிற்று என்று புலம்பினோம், 2021, 2022 வாக்கில் பதினாறுக்குப் பத்து திரும்பியது. உடம்பின் ஆழமும் கூடியது. கிடைத்த இடத்தை எதற்குக் கொடுத்தார்கள்? டச்பேடுக்கு. கார்பனில் விசை இறங்கும் ஆழம்கூட 1.5 மிமீ ஆகிவிட்டது. இதற்குத் தட்டச்சு செய்பவரின் பக்கத்திலிருந்து ஒரு காரணமும் எனக்குத் தென்படவில்லை. மெலிதாக இருக்க வேண்டும் என்பது பையைத் தூக்குபவரின் தேவை. அதுவும் நியாயமான தேவைதான், நானும் தூக்குகிறேன். ஆனால் தூக்குவது அரை மணி நேரம், தட்டுவது எட்டு மணி நேரம்.

#16 மூன்றாமாண்டு

டி480 வாங்கிவிட்டேன் அண்ணா! ரிச்சி ஸ்ட்ரீட்டிலேயே. ஹின்ஜ், சார்ஜிங் பின், பயாஸ் மூன்றும் பார்த்துத்தான் வாங்கினேன். பொட்டு இன்னும் என் சொல் கேட்கவில்லை, மூன்றாம் நாள்தான்.

#17 தொடுவிரல்

கோவை_ஐடி சார், தாராளமாகக் காட்டுங்கள். காட்டுவதோடு அந்த இரண்டு பேரையும் மெஷினைத் தொட்டுப் பார்க்கக் கூப்பிடுங்கள். அவர்கள் கேட்பதும் நான் கேட்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை.

கருப்புப்பெட்டி சார், உங்களிடம் ஒரு வேண்டுகோள். புது மெஷின் வாங்கும் முன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வவுச்சர் போட்டுப் பாருங்கள். இருபது வருடம் பழகிய கை என்று சொன்னீர்கள். எந்தெந்த விசையை அது உண்மையில் தேடுகிறது என்று அப்போது தெரியும்.

#18 கருப்புப்பெட்டி

மேடம் சொன்னதைச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் யாரும் இல்லாத நேரம் டி480-ஐத் திறந்து கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். எஃப்8 கிடைத்தது. எண்கள் கிடைத்தன. கன்ட்ரோலும் ஏ-யும் சேர்த்து அழுத்திச் சேமிக்கப் போனபோது சுண்டு விரல் நேராக மூலைக்குப் போய், அங்கிருந்து ஒரு விசை உள்ளே தள்ளி வந்தது. ஒவ்வொரு முறையும் அப்படித்தான். இருபது வருடமாக என் விரல் முதலில் மூலைக்குப் போய் எஃப்என்னைத் தொட்டு, அப்புறம்தான் கன்ட்ரோலுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. கண் திறந்திருந்த நாளெல்லாம் எனக்கு இது தெரியாது.

டி480-இன் பயாஸில் இரண்டையும் இடம் மாற்றிவிட்டேன். நாலு நாள் ஆகிறது. சேமிக்கும்போது இன்னும் சில நேரம் தப்புகிறது, ஆனால் குறைந்துகொண்டே வருகிறது.

டி14-க்கு ஆர்டர் சொல்லிவிட்டேன். இரண்டு ரேம் ஸ்லாட் உள்ள மாடல், பொட்டும் மூன்று பட்டனும் உள்ளது. எக்ஸ்9-ஐ நண்பரிடம் இன்னொரு முறை வாங்கிக் கண்ணை மூடிப் பார்த்தேன். ஜி, எச் நடுவே விரல் எதையோ தேடி நின்றுவிட்டது. ஏழுவரிசை, உங்கள் எக்ஸ்230-இல் எந்தெந்தப் பின்னுக்கு டேப் ஒட்ட வேண்டும் என்று படத்தோடு போடுவீர்களா? வீட்டில் ஒரு எக்ஸ்230 சும்மா கிடக்கிறது.